வாக்கும் தகுதியும்: மில்லின் பிரதிநிதித்துவ ஆட்சிக் கொள்கை – ஒரு மறுநோக்கு

குடியியல் கற்பிக்கும் பாடநூல்கள் சனநாயக ஆட்சியின் அடிப்படைகளைச் சில தொடர்களுள் அடக்கிவிடுகின்றன. மக்களின் இறைமை, பிரதிநிதித்துவம், சட்டத்தின் ஆட்சி, பெரும்பான்மையோர் தீர்ப்பு, சிறுபான்மையோர் பாதுகாப்பு என்பன அத்தொடர்கள். இவை ஒன்றோடொன்று முற்றும் இணங்கி நிற்பவை என்ற எண்ணத்துடனேயே மாணவர் பாடசாலையை விட்டு வெளியேறுகின்றனர். ஆனால் இக்கருத்துக்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, இவற்றுக்கிடையே தீராத பூசல்கள் இருந்து வந்துள்ளமை புலனாகும். அப்பூசல்களை மூடி மறையாது எடுத்துப் பேசிய நூல்களுள் ஒன்று, 1861ஆம் ஆண்டு ஜோன் ஸ்ருவேட் மில் வெளியிட்ட பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலாகும்.

மில்லின் பெயர் இலங்கையின் அரசறிவியல் மாணவர்க்குப் புதியதன்று. 1859இல் வெளிவந்த அவரது சுதந்திரம் பற்றிய நூலே பெரிதும் படிக்கப்படுகின்றது. தனிமனித உரிமையின் காவலர் என்ற புகழும் அதன் வழியாகவே அவரைச் சேர்ந்தது. பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலோ அத்துணைக் கவனம் பெறுவதில்லை. எனினும், யார் வாக்களிக்க வேண்டும், எவ்வாறு வாக்களிக்க வேண்டும், எண்ணிக்கையிற் குறைந்தோரின் நிலை யாது என்னும் வினாக்களை நேரடியாக எதிர்கொள்வது இந்நூலே. இவ்வினாக்கள் இலங்கையில் ஏட்டு வினாக்களாக என்றுமே இருந்ததில்லை. ஆதலின் மில்லின் கொள்கையை இலங்கையின் அரசியல் அனுபவத்தோடு சேர்த்து நோக்குதல் இரண்டையும் விளங்கிக்கொள்ள உதவும்.

மில் தமது நூலின் மூன்றாம் அத்தியாயத்திலே, சிறந்த ஆட்சிமுறை பிரதிநிதித்துவ ஆட்சியே என நிறுவ முற்படுகின்றார். நல்லவனான சர்வாதிகாரி ஒருவன் கிடைப்பின் அவனது ஆட்சியே மேலானது என்ற பழைய கருத்தை அவர் மறுக்கின்றார். அம்மறுப்பு இரண்டு நியாயங்களின் மீது எழுகின்றது. ஒருவரின் உரிமையும் நலனும் அவரே அவற்றுக்காக வாதாடும் ஆற்றலும் விருப்பமும் உடையவராயிருக்கும்போதுதான் பாதுகாப்புப் பெறும் என்பது முதலாவது. மக்கள் பொதுக் காரியங்களிற் பங்குகொள்ளும் அளவிற்கே அவர்களது அறிவும் ஊக்கமும் ஒழுக்கமும் வளரும் என்பது இரண்டாவது. முதலாவதைப் பாதுகாப்பு நியாயம் என்றும், இரண்டாவதை வளர்ச்சி நியாயம் என்றும் குறிப்பிடலாம்.

இவற்றுள் பாதுகாப்பு நியாயத்தை மில் விளக்கும் முறை கூர்மையானது. அக்கால இங்கிலாந்தின் பாராளுமன்றத்திலே தொழிலாளருக்கு நேரடிப் பிரதிநிதிகள் இருக்கவில்லை. பாராளுமன்ற உறுப்பினர் பலர் தொழிலாளர் மீது அனுதாபம் உடையோரே என்பதை மில் ஒப்புக்கொள்கின்றார். ஆயினும், எந்தவொரு பிரச்சினையையும் அவர்கள் தொழிலாளியின் கண்கொண்டு நோக்குவதில்லை என்பதே அவரது குற்றச்சாட்டு. வெளியே நிறுத்தப்பட்டோரின் நலன், நல்லெண்ணம் உடையோர் மத்தியிலும் மறக்கப்படும் என்பது இதனாற் பெறப்படும். பிரதிநிதித்துவ ஆட்சிக்கு ஆதரவாக எழுந்த நியாயங்களுள் இதனினும் வலிமையானவை அரிது.

மில்லின் கொள்கை இவ்விடத்தோடு நின்றிருப்பின் அது தெளிவானதொன்றாய் அமைந்திருக்கும். ஆனால் எட்டாம் அத்தியாயத்திற்கு வரும்போது அவர் வேறொரு திசையிற் செல்கின்றார். எழுத வாசிக்கத் தெரியாதோருக்கும், எளிய கணக்கினைச் செய்ய இயலாதோருக்கும், வரி செலுத்தாதோருக்கும், பொது நிதியிலிருந்து வறியோருதவி பெறுவோருக்கும் வாக்குரிமை வழங்கலாகாது என்கின்றார். அதற்கும் அப்பாற் சென்று, வாக்குடையோர் அனைவரும் ஒரே எண்ணிக்கையான வாக்குகளைப் பெறவேண்டியதில்லை என்றும் வாதிடுகின்றார். உடலுழைப்பாளருக்கு ஒரு வாக்கும், தொழில் முகாமையாளர், வணிகர், பட்டதாரிகள், உயர் தொழில் புரிவோர் ஆகியோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகளும் அளிக்கும் பன்மை வாக்குமுறை அவரால் முன்மொழியப்பட்டது.

மில் இதனைச் செல்வரின் ஆதிக்கத்திற்கு அரணாக அமைக்கவில்லை என்பதை நடுநிலையுடன் கூறுதல் வேண்டும். சொத்துக் காரணமாக மேலதிக வாக்கு வழங்குவதை அவர் ஏற்கவில்லை. வறியவர் ஒருவர் தமது அறிவுத் தகுதியை நிரூபிப்பாராயின் அவருக்கும் அச்சலுகை கிடைத்தல் வேண்டும் என்றார். கற்றோரின் மேலதிக வாக்குகள் ஏனையோர் அனைவரையும் தோற்கடிக்கும் அளவிற்குப் பெருகலாகாது என்ற வரம்பையும் விதித்தார். பால் வேறுபாடு வாக்குரிமைக்கு எவ்வகையிலும் பொருத்தமற்றது என்பதை இதே அத்தியாயத்தில் அவர் வற்புறுத்தினார். வெஸ்ற்மின்ஸ்ரர் தொகுதியின் உறுப்பினராயிருந்தபோது, 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்த மசோதாவிலே பெண்களுக்கும் வாக்குரிமை கிடைக்கத்தக்கதாக அவர் கொண்டுவந்த திருத்தத்திற்கு 73 வாக்குகள் கிடைத்தன. அது தோல்வியுற்றதெனினும், பெண்களின் வாக்குரிமையை அப்பாராளுமன்றத்தின் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்கு உரியது.

எனினும் அடிப்படை முரண்பாடு அகலவில்லை. பாதுகாப்பு நியாயத்தின்படி, தம்மைத் தாமே காக்க இயலாதோருக்கே வாக்கு மிகுதியும் தேவைப்படுகின்றது. எழுத்தறிவற்றவரும் வறியோருதவியில் வாழ்பவரும் அத்தகையோரே. ஆனால் தகுதிக் கோட்பாட்டின்படி வாக்கினை இழப்போர் அவர்களே ஆவர். யாருடைய கண்கொண்டு பாராளுமன்றம் நோக்குவதில்லை என்று மில் மூன்றாம் அத்தியாயத்தில் வருந்தினாரோ, அவர்களுள் ஒரு பகுதியினரை எட்டாம் அத்தியாயத்தில் அவரே வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றார். இதற்கு அவர் கூறும் சமாதானம், அனைவருக்கும் வாக்குரிமை வழங்குமுன் அனைவருக்கும் கல்வி வழங்கப்படல் வேண்டும் என்பதாகும். கல்வி முந்தியது, வாக்குப் பிந்தியது என்னும் இந்த ஒழுங்குமுறையே அவரது கொள்கையின் அச்சாணி.

இவ்வொழுங்குமுறை சரியானதா என்பதைச் சோதித்தறிவதற்கு இலங்கையினும் பொருத்தமான களம் அரிது. மில் முன்மொழிந்த தகுதிக் கோட்பாட்டை ஒத்ததொரு முறை இங்கே நடைமுறையில் இருந்தது. பின்னர் அது ஒரே அடியாகக் கைவிடவும் பட்டது.

கோல்புறூக் குழுவினரின் சிபாரிசினை அடுத்து 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. தேசாதிபதி நியமித்த உத்தியோகப்பற்றற்றோர் இனவாரியாகவே இடம்பெற்றனர். 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் விளைவாகப் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் உருவாக்கப்பட்டது. 1911இல் நடைபெற்ற தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன், மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்து அவ்வாசனத்தைப் பெற்றார். வாக்காளர் தொகை ஏறத்தாழ மூவாயிரமே. கல்வித் தகுதியுடையோரின் வாக்கு இன எல்லைகளைக் கடந்து சென்றமைக்கு இத்தேர்தல் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. மில்லின் நம்பிக்கைக்கு இஃது ஆதரவு தருவது போலத் தோன்றலாம். ஆனால் அம்மூவாயிரவரும் ஆங்கிலக் கல்வியினால் ஒன்றுபட்ட ஒரு சிறு வகுப்பினர் என்பதை மறத்தலாகாது. அவர்களது இணக்கம் நாட்டின் இணக்கமன்று. ஒரு வகுப்பின் இணக்கம். அதற்குப் பின்வந்த சீர்திருத்தங்கள் வாக்குரிமையை ஓரளவு விரித்தபோதும், 1931க்கு முன்னர் அது சனத்தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினரை மட்டுமே எட்டியிருந்தது.

1927இல் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த தலைவர்களுட் பெரும்பாலோர் சர்வசன வாக்குரிமையைக் கோரவில்லை. ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற் கட்சியினரும், அவர்களைப் போன்ற சிலருமே அதனை வற்புறுத்தினர். பெண்களின் வாக்குரிமைக்காக 1927இல் அமைந்த சங்கத்தினரும் தமது கோரிக்கையை முன்வைத்தனர். இராமநாதனோ சர்வசன வாக்குரிமையை உறுதியாக எதிர்த்தார். கல்லாதார் கையில் வாக்கினைக் கொடுப்பது நாட்டுக்குக் கேடு என்ற வாதம் தென்னிலங்கை, வடஇலங்கை என்ற வேறுபாடின்றி உயர்வகுப்பினரால் எடுத்துரைக்கப்பட்டது. இவ்வாதம் மில்லின் எட்டாம் அத்தியாயத்தின் எதிரொலி போன்று ஒலித்ததெனினும், மில்லிடம் இருந்த ஒரு நேர்மை அதில் இருக்கவில்லை. கல்வியை எல்லோர்க்கும் வழங்கும் கடமையைத் தகுதிக் கோட்பாட்டின் நிபந்தனையாக மில் கொண்டார். இங்கோ தகுதி பற்றிப் பேசியோர் பலர் அக்கடமை பற்றிப் பேசவில்லை. வடக்கிலே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலையில் ஏனைய பிள்ளைகளோடு சம ஆசனத்தில் அமர்வதே 1930ஆம் ஆண்டளவில் எதிர்ப்புக்கு உள்ளாகியது. பாடசாலையின் வாங்கினை மறுத்துவிட்டு, பாடசாலைக்குச் செல்லாத குற்றத்திற்காக வாக்கினையும் மறுக்கும் தர்க்கம் அது. தகுதி என்பது இயற்கையாக அமைவதன்று. அதனை வழங்கவும் மறுக்கவும் வல்லோர் சமுதாயத்தில் உள்ளனர். அவர்களிடமே தகுதியை அளக்கும் கோலையும் கொடுப்பின், அளவை என்றும் ஒரு பக்கமே சாயும். மில் போதிய அளவு ஆராயாது விட்ட இடம் இது.

டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் 1931இல் வாக்குரிமை கிடைத்தது. ஆசிய நாடுகளுள் இவ்வுரிமையை முதலிற் பெற்ற நாடுகளுள் இலங்கை ஒன்று. பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையை இங்கிலாந்தில் 1928இலேயே பெற்றனர் என்பதை நோக்க, இம்மாற்றத்தின் விரைவு விளங்கும். கல்வி முந்த வேண்டும் என்னும் மில்லின் ஒழுங்கு இங்கே தலைகீழாக்கப்பட்டது. விளைவு யாது? சர்வசன வாக்குரிமையின் அடிப்படையில் தெரிவான அரசாங்க சபையின் காலத்திலேயே, கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வாக்குப் பெற்ற கிராமத்தவனைத் தேடிச் செல்லும் கட்டாயம் அரசியல்வாதிக்கு ஏற்பட்டது. பாடசாலையும் மருத்துவமனையும் அவனைத் தேடிச் சென்றன. கல்வி வாக்கினைக் கொண்டுவரவில்லை. வாக்கே கல்வியைக் கொண்டுவந்தது. மில்லின் பாதுகாப்பு நியாயமும் வளர்ச்சி நியாயமும் இங்கே மெய்ப்பிக்கப்பட்டன. அவரது தகுதிக் கோட்பாடோ பொய்ப்பிக்கப்பட்டது.

இவ்வுண்மைக்கு எதிர்ப்புறச் சான்றும் உண்டு. பெருந்தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் 1931இலேயே வதிவிடம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் வாக்குப் பெற்றனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. வாக்கினை இழந்த இம்மக்களின் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தேசிய கல்வி முறைக்குப் புறம்பாகவே கிடந்தன. 1970களிலேயே அவை அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்படலாயின. இலவசக் கல்வி அறிமுகமாகி ஒரு தலைமுறை கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. வாக்குள்ள கிராமத்தையும் வாக்கற்ற தோட்டத்தையும் பிரித்த எல்லை, பாடசாலை உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் பிரித்த எல்லையாகவும் அமைந்தது. தொழிலாளியின் கண்கொண்டு நோக்காத பாராளுமன்றம் பற்றி மில் கூறியதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

மேலும் ஒரு விந்தையும் இங்கு நிகழ்ந்தது. 1959ஆம் ஆண்டின் தொகுதிப் பிரிப்பிலே சனத்தொகை முழுவதும் கணக்கிற் கொள்ளப்பட்டமையால், வாக்கற்ற தோட்டத் தொழிலாளரின் தொகையும் மலைநாட்டு ஆசனங்களின் எண்ணிக்கையைக் கூட்டிற்று. அவ்வாசனங்களை நிரப்பும் உரிமையோ ஏனையோருக்கே இருந்தது. அவர்கள் எண்ணப்பட்டனர், கேட்கப்படவில்லை.

இது மில்லின் நூலிலுள்ள மற்றொரு முக்கிய பகுதிக்கு இட்டுச் செல்கின்றது. ஏழாம் அத்தியாயத்தில் அவர் உண்மைச் சனநாயகத்தையும் போலிச் சனநாயகத்தையும் வேறுபடுத்துகின்றார். அனைவருக்கும் அவரவர் தொகைக்கேற்பப் பிரதிநிதித்துவம் அளிப்பது முன்னையது. பெரும்பான்மையினர்க்கு மாத்திரமே பிரதிநிதித்துவம் அளிப்பது பின்னையது. விவாதத்தின் முடிவில் பெரும்பான்மையோர் வெல்வது முறையே. ஆயின் சிறுபான்மையோர் விவாதத்திற்கே வராது செய்வது முறையன்று என்பது அவரது கருத்து. இதற்குப் பரிகாரமாகத் தோமஸ் ஹெயர் 1859இல் விரிவாக வெளியிட்ட விகிதாசாரப் பிரதிநிதித்துவத் திட்டத்தை அவர் வரவேற்றார்.

இலங்கையின் பழைய தொகுதிவாரித் தேர்தல்முறை மில் கூறிய போலித்தன்மையை 1977இல் வெளிப்படுத்தியது. ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளுடன் 168 ஆசனங்களுள் 140 ஆசனங்களைப் பெற்றது. ஏறத்தாழ 30 வீத வாக்குகளைப் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைப் புகுத்தியது. ஆனால் அம்முறையின் கீழ் நடைபெற வேண்டிய பொதுத்தேர்தல் உரிய காலத்தில் நடைபெறவில்லை. 1982 டிசம்பரில் நடத்தப்பட்ட மக்கள் தீர்ப்பின் மூலம், பழைய முறையில் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. விகிதாசார முறையில் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1989இலேயே நடைபெற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பு என்னும் ஒரு சனநாயகக் கருவியைக் கொண்டே மற்றொரு சனநாயகக் கருவியை ஒத்திப்போடலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. கணக்கு முறையைத் திருத்துவதாற் சிறுபான்மையோர் சபைக்குள் வருவர். ஆனால் சபைக்குள் அவர்கள் என்றும் சிறுபான்மையோராகவே இருப்பாராயின் அவர்களது நிலை யாது? மில்லின் பரிகாரம் இவ்வினாவுக்கு விடை தருவதில்லை.

விடை தராமைக்குக் காரணம் உண்டு. மில் மனத்திற்கொண்ட சிறுபான்மை கருத்துச் சிறுபான்மை, கற்றோர் சிறுபான்மை. அத்தகையது வாதத் திறத்தால் நாளடைவில் பெரும்பான்மையாக மாறலாம். மொழியாலும் இனத்தாலும் அமைந்த சிறுபான்மை அவ்வாறு மாறுவதில்லை. இதனை மில் அறியாதவரல்லர். பதினாறாம் அத்தியாயத்தில், வெவ்வேறு மொழி பேசும் தேசிய இனங்கள் வாழும் நாட்டிலே சுதந்திரமான ஆட்சி நிலைத்தல் மிகவும் அரிது என்கின்றார். அதற்கு அவர் காணும் வழிகள் இரண்டு: இனங்கள் தனித்தனி ஆட்சி அமைத்தல், அன்றேல் சிறிய இனம் பெரியதனுள் கலந்துவிடுதல். பிரெத்தன் மக்கள் பிரெஞ்சு மக்களோடும், வேல்ஸ் மக்கள் பிரித்தானியரோடும் கலப்பதை அவர் நன்மையாகவே கருதினார். தனிமனிதனின் தனித்தன்மையை அத்துணை உயர்வாகப் போற்றிய ஒருவர், ஒரு மக்கட் கூட்டத்தின் தனித்தன்மையை இத்துணை எளிதாகக் கைவிட்டமை வியப்புக்குரியது. பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே தேசிய உணர்வோடு வாழும் சுவிற்சர்லாந்தை அவரே அவ்வத்தியாயத்திற் குறிப்பிடுகின்றார். எனினும் அதிகாரத்தைப் பகிர்தல் என்னும் மூன்றாவது வழியை அந்த உதாரணத்திலிருந்து அவர் வளர்த்தெடுக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பனியில் 1823 முதல் 1858 வரை கடமையாற்றிய அவர், இந்தியா போன்ற நாடுகளுக்குப் பிரதிநிதித்துவ ஆட்சி இன்னும் உரியதன்று எனக் கொண்டமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஒரு மக்களின் தகுதியை மற்றொரு மக்கள் அளக்கும் கோல் அங்கும் காணப்படுகின்றது.

சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தவர்க்கோ சமயத்தவர்க்கோ மட்டும் பாதகமான சட்டங்களைப் பாராளுமன்றம் இயற்றுவதைத் தடைசெய்தது. ஆயினும் பிரசாவுரிமைச் சட்டம் பொதுச் சொற்களால் ஆக்கப்பட்டிருந்தமையால், அது இப்பிரிவை மீறியதன்று எனக் கோமறைக் கழகம் 1953இல் தீர்ப்பளித்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இடம்பெறவில்லை. எழுத்திலுள்ள பாதுகாப்பு, அதனை மாற்றும் வலிமை ஒரு பக்கத்தாரிடம் மட்டும் இருக்கும்போது எத்துணை மெலிந்தது என்பதற்கு இவ்வரலாறு சான்று. 

இவ்விடத்தில் தமிழர் அரசியலையும் விமர்சன நோக்கிலிருந்து விலக்கிவிடுதல் முறையன்று. மலையக மக்களின் பிரசாவுரிமை பற்றிய கருத்து வேறுபாடு 1949இல் தமிழ்க் காங்கிரஸ் பிளவுற்று இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியமைக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. பெரும்பான்மையோரின் கணக்கினால் தாம் பாதிக்கப்பட்டதாக முறையிடும் ஒரு சமூகம், தன்னுள் எண்ணிக்கையாலோ சாதியாலோ வகுப்பாலோ பின்தள்ளப்பட்டோரின் குரலை எவ்வாறு கேட்டது என்ற வினாவுக்கும் விடை கூறல் வேண்டும். சம ஆசனத்தை மறுத்தோர் சம பிரதிநிதித்துவம் கோரியபோது அக்கோரிக்கையின் நியாயம் குறைந்துவிடவில்லை. ஆனால் அதனைக் கோரியோரின் குரல் அந்த அளவிற்கு வலுவிழந்தது.

மில்லின் நூலில் இருவேறு மில் வாழ்கின்றனர். ஒருவர், வெளியே நிறுத்தப்பட்டோரின் கண்கொண்டு நோக்கும்படி ஆட்சியாளரை வற்புறுத்துபவர். மற்றவர், யார் உள்ளே வரலாம் என வாயிலில் நின்று சோதிப்பவர். பிற்காலம் இரண்டாமவரைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. இங்கிலாந்திலேயே பட்டதாரிகளுக்கும் வணிகருக்கும் எஞ்சியிருந்த மேலதிக வாக்குகள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. இலங்கையில் இந்திய வம்சாவளியினருட் பிரசாவுரிமையின்றி எஞ்சியிருந்தோரின் பிரச்சினை, பல ஒப்பந்தங்களும் சட்டங்களும் கடந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெரிதும் தீர்க்கப்பட்டது. முதலாவது சட்டத்திற்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள்.

கல்லாதார் வாக்களிப்பதாலேயே நாடு சீரழிகின்றது என்னும் பேச்சு பல்கலைக்கழக வளவுகளிலும் கேட்கப்படுவதொன்றே. கற்றோரிடையே அப்பேச்சு எழும்போது அது இரட்டிப்பு ஆபத்துடையது. பேசுவோரே அதனால் நன்மையடைவோராகவும் இருப்பர். 1948, 1949, 1956ஆம் ஆண்டுகளின் சட்டங்களை வரைந்தோரும் ஆதரித்து உரையாற்றியோரும் கல்லாதாரல்லர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மில்லைக் கற்போர் எட்டாம் அத்தியாயத்தை மூன்றாம் அத்தியாயத்தின் ஒளியிற் கற்பாராயின், வாக்கு என்பது அறிவுக்கு வழங்கப்படும் பரிசன்று, தன்னைத் தான் காத்துக்கொள்வதற்கு ஒவ்வொருவருக்கும் உரிய கருவி என்ற உண்மையை மில்லிடமிருந்தே பெற்றுக்கொள்வர். அக்கருவி எல்லோர் கையிலும் இருந்தும், எண்ணிக்கையிற் குறைந்தோர்க்கு அது பயன்படாத வகையில் அமைந்த ஆட்சிமுறையை எவ்வாறு திருத்துவது என்பது மில் விடுத்துச் சென்ற வினா. இலங்கை அதற்கு இன்னும் விடை காணவில்லை.